எந்தப் பாடத்துக்கு சாக்பீஸ், எந்தப் பாடத்துக்கு மவுஸ்

ஒன்பதாம் வகுப்பு கணக்குப் புத்தகம் வீட்ல இருந்தா ஒரு தடவ எடுத்துப் பாருங்க, நிறைய பாடத்தோட கடைசில "இணையச் செயல்பாடு"ன்னு ஒரு பக்கம் இருக்கும். ஒரு க்யூஆர் கோடு, ரெண்டு மூணு ஸ்கிரீன் படம், படி 1, படி 2ன்னு போட்டு ஜியோஜீப்ராங்கிற கணக்கு சாஃப்ட்வேருக்கு ஒரு லிங்க். 2018-19ல புதுப் பாடத்திட்டம் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு முதல்ல வந்தப்பவே புத்தகத்துக்குள்ள க்யூஆர் கோடு வந்துருச்சு, ஸ்கேன் பண்ணா மத்திய அரசோட கல்வித் தளமான தீக்‌ஷால போய் நிக்கும். நான் இப்ப பி.எட் ரெண்டாவது வருஷம், கணக்கு, உசிலம்பட்டி பக்கத்துல ஒரு அரசுப் பள்ளில இன்டர்ன்ஷிப் போய்க்கிட்டு இருக்கேன். பசங்ககிட்ட இந்தப் பக்கத்தக் காட்டி இத யாராச்சும் செஞ்சு பாத்திருக்கீங்களான்னு கேட்டேன். "அது பரிச்சைக்கு வராது மிஸ்"னு பதில் வந்துச்சு. எனக்கு அது ரொம்ப மனசுல தங்கிருச்சு, ஏன்னா புத்தகத்துலயே ரொம்ப யோசிச்சு செஞ்ச பக்கம் அதுதான்னு நான் நம்புறேன்.

பி.எட் இப்ப ரெண்டு வருஷம், 2015ல இருந்து அப்படித்தான், அதுல குறைஞ்சது 20 வாரம் பள்ளிக்கூடத்துல இருக்கணும், பெரும்பகுதி ரெண்டாவது வருஷத்துல வரும். கல்லூரில ஐசிடி, அதாவது கம்ப்யூட்டர் வச்சு கத்துக்குடுக்குறது, அதுக்கு ரெக்கார்டு எழுதுவோம், பவர்பாயின்ட் செய்வோம், கூகுள் ஃபார்ம் செய்வோம், எல்லாத்தையும் பிரின்ட் எடுத்து ஒட்டி கையெழுத்து வாங்குவோம். அதெல்லாம் தேவைதான், இல்லன்னு சொல்லல. ஆனா அங்க கேள்வி எப்பவும் "இந்த டூல எப்படி யூஸ் பண்றது"ன்னுதான் இருக்கும். வகுப்புக்குள்ள போய் நின்னப்பதான் கேள்வியத் திருப்பிப் போடணும்னு புரிஞ்சுச்சு, இந்தப் பாடத்துல சாக்பீஸால செய்ய முடியாதது என்ன, அதுக்கு மட்டும் கம்ப்யூட்டர் வேணும், மத்ததுக்கு வேணாம். இப்ப ஒவ்வொரு லெசன் பிளான் எழுதும்போதும் முதல் வரில இதத்தான் எழுதிக்கிறேன்.

என்ன சொல்றேன்னு ஒரு பாடத்த வச்சே சொல்றேன். ஒன்பதாவது வடிவியல்ல முக்கோணத்தோட மையங்கள் வரும், நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம், உள்வட்ட மையம். நாலையும் காம்பஸ் வச்சு வரையணும், பரிச்சைல கண்டிப்பா வரும், பசங்க நல்லாவும் வரைவாங்க. ஆனா போர்டுல நம்ம வரையுற முக்கோணத்தக் கவனிச்சுப் பாருங்க, எப்பவும் அழகா, நிமிர்ந்து, மூணு கோணமும் குறுங்கோணமாத்தான் வரும், கை தானா அப்படித்தான் போடும். அதுல எந்த மையத்தக் கண்டுபிடிச்சாலும் முக்கோணத்துக்குள்ளதான் விழும். பிள்ளைங்க மனசுல மையம்னா உள்ளதான் இருக்கும்னு பதிஞ்சு போயிருது, "மையம்"ங்கிற பேரும் அதுக்கு ஒத்துப் போகுது. விரிகோண முக்கோணத்துக்கு செங்கோட்டு மையம் வெளிய இருக்கும்னு புத்தகத்துல ஒரு வரி இருக்கு, அத மனப்பாடம் பண்ணுவாங்க, அம்புட்டுதான்.

ஜியோஜீப்ரால இது வேற மாதிரி. ஒரு முக்கோணம் போட்டு, மூலைல இருந்து எதிர்ப்பக்கத்துக்கு செங்குத்தா மூணு உயரக்கோடு போட்டு, அது சந்திக்கிற புள்ளிக்கு, அதான் செங்கோட்டு மையம், சிவப்பு கலர் குடுத்துட்டா போதும், அதுக்கப்புறம் ஒரு முனையப் புடிச்சு இழுத்தா மொத்தப் படமும் கூடவே நகரும். இந்த சாஃப்ட்வேர் 2001ல மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர்னு ஒருத்தர் ஆஸ்திரியால சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல தன்னோட முதுகலை ஆய்வுக்காக ஆரம்பிச்சது, வகுப்பறைல யாரும் காசு குடுக்காம யூஸ் பண்ணலாம், போன்லயும் ஓடும், நெட் இல்லாமலும் ஓடும்.

நான் இழுக்கல. அதுதான் முக்கியம். இழுக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் நோட்டுல ஒரு விரிகோண முக்கோணம் கைலயே வரையச் சொல்லி, சிவப்புப் புள்ளி எங்க வரும்னு நினைக்கிறீங்களோ அங்க பென்சில்ல ஒரு புள்ளி வைங்கன்னு சொன்னேன். பேசக்கூடாது, பக்கத்து நோட்டப் பாக்கக்கூடாது. முக்காவாசிப் பேரு உள்ளதான் வச்சாங்க. அப்புறம் ஒரு தம்பிய கூப்பிட்டு மவுஸக் குடுத்து மெதுவா இழுறான்னேன். புள்ளி நகந்து நகந்து மூலைக்கு வந்துச்சு, மூலையத் தாண்டி வெளிய போச்சு. வகுப்பே "ஏய்"னு சத்தம் போட்டுச்சு, பக்கத்து கிளாஸ் சார் எட்டிப் பாத்துட்டுப் போனாரு. திரும்ப இழு, திரும்ப இழுன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. புள்ளி சரியா மூலைல உக்காரும்போது நிப்பாட்டி, இப்ப இந்தக் கோணம் எவ்வளவுன்னு கேட்டா "தொண்ணூறு"ன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன் அங்க வந்து உக்காருதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பாப்பா எந்திரிச்சு, "செங்கோணமாகும்போது ரெண்டு பக்கமே உயரக்கோடா ஆயிருது மிஸ், அப்ப ரெண்டும் அந்த மூலைலதான சந்திக்கும்"னு சொன்னுச்சு.

இதுதான் நிரூபணம். நான் சொல்லிக் குடுக்கல, புத்தகத்துலயும் அப்படி வார்த்தைல இல்ல, அந்தப் பிள்ளை கண்ணால பாத்து சொல்லிருச்சு. எனக்கு அன்னிக்கு சாயங்காலம் பஸ்ல வரும்போது பூரா அதே நினைப்புதான்.

இத எழுதும்போது ஒண்ணு சேத்து சொல்லணும், முதல்ல கணிக்க வைக்காம நேரா இழுத்துக் காட்டியிருந்தா இது நடந்திருக்காதுன்னு நினைக்கிறேன். படம் நகரும், பசங்க பாப்பாங்க, நல்லாருக்கும்பாங்க, முடிஞ்சுரும். தன் கையால ஒரு புள்ளி வச்சு அது தப்புன்னு ஸ்கிரீன் காட்டும்போதுதான் "ஏன்"ங்கிற கேள்வி உள்ள இருந்து வருது. டிஜிட்டல் டூல்னு நம்ம பேசறதுல பாதிப் பகுதி அந்தப் பென்சில் புள்ளிதான். எங்க கைடு டீச்சர் பின்னாடி உக்காந்து பாத்துட்டு, "ஏம்மா, அந்த நோட்டுல புள்ளி வைக்கச் சொன்ன பாரு, அத ரெக்கார்டுல எழுதிரு, அத விட்றாத"ன்னு சொன்னாங்க. அவங்க கிட்டத்தட்ட முப்பது வருஷம் சர்வீஸ்.

அடுத்த பீரியட்ல நாலு மையத்தையும் ஒரே படத்துல போட்டுக் காமிச்சோம். எப்படி இழுத்தாலும் சுற்றுவட்ட மையம், நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம் மூணும் ஒரே நேர்கோட்டுல நிக்கும், ஆய்லர்ங்கிற கணித மேதை 1765ல கண்டுபிடிச்சது. நடுக்கோட்டு மையத்துல இருந்து செங்கோட்டு மையத்துக்கு இருக்குற தூரம், சுற்றுவட்ட மையத்துக்கு இருக்குற தூரத்தப் போல ரெண்டு மடங்கு, அதையும் அளந்து பாத்தாங்க. சமபக்க முக்கோணம் வந்தா எல்லாம் ஒண்ணாயிரும். உள்வட்ட மையம் மட்டும் இந்தக் கோட்டுல வராது, இருசமபக்கமா ஆக்கும்போதுதான் வந்து சேரும். இது சிலபஸ்ல கேக்கமாட்டாங்க, ஆனா பத்து நிமிஷம் செலவழிக்கத் தகுதியான விஷயம்னு நான் உறுதியா சொல்லுவேன்.

அதே பாடத்துல நடுக்கோட்டு மையத்துக்கு நான் கம்ப்யூட்டர முதல்ல தொடவே இல்ல. புதுச் சட்டைக்குள்ள வச்சிருப்பாங்கல்ல ஒரு அட்டை, அதக் கொண்டு வரச் சொல்லி, முக்கோணமா வெட்டி, மூலைல இருந்து எதிர்ப்பக்கத்தோட நடுவுக்கு மூணு நடுக்கோடும் போட்டு, சந்திக்கிற இடத்த பென்சில் முனைல வச்சுப் பாத்தா அட்டை ஆடாம நிக்கும். நடுக்கோட்டு மையம்னா எடை சமமாகுற இடம்ங்கிறத விரல் நுனில உணர்றதுக்கு எந்த ஸ்கிரீனும் ஈடாகாது. ஸ்கிரீன்ல அட்டை கீழ விழாது பாருங்க, அதான் விஷயம். விரிகோணமா, ஒல்லியா, எப்படி வேணா வெட்டுங்கன்னு விட்டேன், எல்லாமே நின்னுச்சு. அப்புறம் அந்த மையம் நடுக்கோட்ட 2:1ன்னு பிரிக்குதுங்கிறத மட்டும் ஜியோஜீப்ரால தூரம் அளந்து காமிச்சேன், ஏன்னா அட்டைல ஸ்கேல் வச்சா மில்லிமீட்டர் முன்னப்பின்ன வரும், முனைய இழுத்தாலும் விகிதம் மாறாதுங்கிறத அட்டைல பாக்க முடியாது. ஒரே பாடத்துக்குள்ளயே ஒரு மையத்துக்கு அட்டை, ஒரு மையத்துக்கு மவுஸ், வரையறதுக்கு காம்பஸ். காம்பஸ விட்றவும் கூடாது, கைல வராம மூளைல தங்காது, பரிச்சையும் அதுலதான்.

இனிமே நான் சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. அளவியல்ல ஹெரான் சூத்திரம் இருக்குல்ல, மூணு பக்கம் தெரிஞ்சா போதும், உயரம் தெரிய வேணாம், பரப்பளவு வந்துரும். நாற்கரம்னா ஒரு மூலைவிட்டம் போட்டு ரெண்டு முக்கோணமாப் பிரிச்சுக்கலாம். எங்க பள்ளில வர்ற பிள்ளைங்க வீட்ல பெரும்பாலும் காடு, தோட்டம் கொஞ்சமாச்சும் இருக்கு, மல்லி போட்டிருப்பாங்க, கடலை போட்டிருப்பாங்க. நிலத்த யாரும் சதுர மீட்டர்ல பேசமாட்டாங்க, ஏக்கர், சென்ட்டுதான். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், நூறு சென்ட் ஒரு ஏக்கர். அதனால கூகுள் எர்த்த தொறந்து, முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச இடம்னு மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனோம், திருமலை நாயக்கர் 1645ல வெட்டுனது. அளக்குற ஸ்கேல எடுத்து ஒரு பக்கத்த அளந்தா கிட்டத்தட்ட 300 மீட்டர் வருது. இது எத்தனை ஏக்கர் இருக்கும்னு முதல்ல நோட்டுல எழுதுங்கன்னேன், ரெண்டுன்னு எழுதுனவங்க இருக்காங்க, நூறுன்னு எழுதுனவங்களும் இருக்காங்க. கணக்குப் போட்டா 20 ஏக்கரத் தாண்டுது. தெப்பத் திருவிழாவுக்குப் போய் நின்ன பிள்ளைங்களுக்கு அந்தத் தண்ணிப் பரப்பு எம்புட்டுன்னு அன்னிக்குத்தான் எண்ணா தெரிஞ்சுச்சு.

அப்புறம் அவங்கவங்க நிலத்துக்குப் போனோம். மேல இருந்து பாத்து "அந்தா எங்க கெணறு மிஸ்", "அது எங்க பெரியப்பா தோட்டம், அதுக்கு அங்கிட்டுதான் எங்களது"ன்னு அவங்களே வழி சொல்லிக்கிட்டு வந்தாங்க. நாலு பக்கமும் ஒரு மூலைவிட்டமும் அளந்து எழுதிக்கிட்டு, ஹெரான் சூத்திரத்துல போட்டு, சதுர மீட்டர சென்ட்டா மாத்தி, அதுக்கப்புறம் கூகுள் எர்த்துலயே பலகோணம் வரைஞ்சு அது குடுக்குற பரப்பளவோட ஒத்துப் பாத்தாங்க. எண்ணெல்லாம் தசமத்துல வரும், வர்க்கமூலம் அசிங்கமா வரும், கால்குலேட்டர் குடுத்துட்டேன். அதுக்கு முன்னாடி கைல போட்டுப் பழக ஒரு கணக்கு நானே செஞ்சு வச்சேன், வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம். பக்கங்கள் வரிசையா 40, 30, 41, 39 மீட்டர், 40ம் 30ம் ஒரு பக்கம் வர்ற மாதிரி மூலைவிட்டம் 50 மீட்டர். ஒரு முக்கோணம் 600 சதுர மீட்டர், இன்னொண்ணு 780, ரெண்டும் முழு எண்ணாவே வரும், மொத்தம் 1380, சென்ட்ல மாத்துனா 34 சொச்சம்.

மறுநாள் ஒரு பிள்ளை வீட்ல இருந்து புலப்படம் கொண்டு வந்துருச்சு, சர்வேயர் அளந்த படம், எஃப்எம்பின்னு சொல்லுவாங்க, இப்ப தமிழ்நாடு அரசோட இணையதளத்துலயே எடுத்துக்கலாம். அதப் பாத்தா உள்ள குறுக்குக் கோடு போட்டு முக்கோணம் முக்கோணமாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் நீளம் எழுதியிருக்கு. நம்ம வகுப்புல செஞ்ச அதே வேலை. "எங்க தாத்தா சொல்றாரு மிஸ், முன்னாடி சங்கிலி போட்டு அளப்பாங்களாம்"னு வேற. அந்தப் பிள்ளையோட அப்பா வேற ஒரு வேலையா பள்ளிக்கூடத்துக்கு வந்தவரு, "டீச்சரம்மா, பிள்ள எங்க காட்டு கணக்க எங்கிட்டயே விளக்குது"ன்னு சொல்லிட்டுப் போனாரு. பரிச்சைக்கு வராதுன்னு சொன்ன அதே வகுப்புதான் இது. ஒரு எச்சரிக்கையும் சொல்லிருதேன், கூகுள் எர்த்துல அளக்குறது படிக்கிறதுக்குத்தான், வரப்புத் தகராறுக்கு இது சாட்சி ஆகாது, படத்துல ஒரு புள்ளி தள்ளி வச்சாலே சில மீட்டர் மாறும். அதையும் பசங்ககிட்ட சொல்லி, ரெண்டு தடவ அளந்தா ஏன் ரெண்டு விடை வருதுன்னு பேசுனோம், அதுவும் கணக்குதான்.

இப்ப வேலையப் பத்தி, என்ன மாதிரி இன்டர்ன்ஷிப் போறவங்களுக்கு. பள்ளிக்கூடத்துல நெட்ட நம்பி லெசன் பிளான் எழுதாதீங்க. ஜியோஜீப்ரா ஃபைல முன்னாடி நாளே வீட்ல செஞ்சு, லேப்டாப்ல ஒண்ணு, பென்டிரைவ்ல ஒண்ணு, போன்ல ஒண்ணு வச்சுக்கோங்க. கூகுள் எர்த்துக்கு நெட் வேணும், அதுக்கு போன் ஹாட்ஸ்பாட்டு, அதுவும் எந்த ஜன்னல் பக்கம் சிக்னல் வருதுன்னு பாத்து வச்சுக்கணும். மாசாந்திர மின்தடை தேதி முந்தின நாள் பேப்பர்லயே வந்துரும், அதப் பாத்துட்டு பாடத்த மாத்திப் போட்டுக்கலாம். ஹைடெக் லேப் இருக்குற பள்ளின்னா நேரம் கேட்டு வாங்கிக்கோங்க, இல்லன்னா ஒரு புரொஜெக்டரும் வெள்ளைச் சுவரும் போதும். நாங்க சுவத்துல வெள்ளை சார்ட் பேப்பர் நாலஞ்சு சேத்து ஒட்டிட்டு அதுமேல படம் விழ வச்சோம், அதுல ஒரு வசதி என்னன்னா புள்ளி நகர்ற பாதைய பசங்க ஸ்கெட்ச் பேனால அப்படியே வரைஞ்சுக்கலாம், புரொஜெக்டர அணைச்சாலும் பாதை சுவத்துல இருக்கும். ரூம முழுசா இருட்டாக்காதீங்க, நோட்டுல எழுத முடியாது, ஸ்கிரீன் பக்கத்து ஜன்னல மட்டும் மூடுனா போதும். லேப்டாப்ல இருந்து புரொஜெக்டருக்குப் போற வயர் பழசா புதுசான்னு ஒரு நாள் முன்னாடி பாத்துருங்க, விஜிஏவா ஹெச்டிஎம்ஐயான்னு தெரியாம போனா அந்த பீரியட் போச்சு.

மைக்ரோ டீச்சிங் இருக்குல்ல, 1963ல ஸ்டான்ஃபோர்டுல ஆரம்பிச்சது, ஒரு நேரத்துல ஒரே ஒரு திறன எடுத்துக்கிட்டு சில நிமிஷம் மட்டும் நடத்திப் பாக்குறது, கூடப் படிக்கிறவங்கதான் மாணவர்கள். கல்லூரில அத கேள்வி கேக்குற திறன், விளக்குற திறன், கரும்பலகைத் திறன்னு செய்வோம். டூலுக்கும் அத அப்படியே செய்யலாம்னு நானும் என் ரூம்மேட்டும் செஞ்சு பாத்தோம். அவ சயின்ஸ். சாயங்காலம் ஹாஸ்டல்ல, ஒரே ஒரு ஃபைல், ஒரே ஒரு அசைவு, அதுக்கு முன்னாடி கேக்குற ஒரு கேள்வி, அதுக்கப்புறம் கேக்குற ஒரு கேள்வி, அவ்வளவுதான். அவ கொலராடோ பல்கலைக்கழகத்தோட ஃபெட் சிமுலேஷன்ல, அதாவது ஸ்கிரீன்லயே செஞ்சு பாக்குற சோதனைல, மின்சுற்று எடுத்தா, 2001ல நோபல் வாங்குன கார்ல் வீமன் ஆரம்பிச்சது, டவுன்லோடு பண்ணிட்டா நெட் இல்லாமலும் ஓடும். பல்பு ஒண்ண தொடர்ல சேத்தா வெளிச்சம் என்னாகும்னு கேட்டு நிறுத்திட்டு என் முகத்தப் பாத்தா. உடனே நான் அவளோட மவுஸப் புடுங்கப் போனேன், அப்பத்தான் தெரிஞ்சுச்சு கேள்வி சரியா விழுந்துருச்சுன்னு.

தமிழ் டைப்பிங். இதப் பத்தி யாரும் பேசறதில்ல, ஆனா டிரெய்னி டீச்சருக்கு முதல் டிஜிட்டல் வேலையே வினாத்தாள் அடிக்கிறதுதான். இன்னும் நிறைய இடத்துல பழைய பாமினி, வானவில் எழுத்துருலதான் ஃபைல் சுத்துது, அந்த எழுத்துரு இல்லாத போன்ல தொறந்தா தமிழுக்குப் பதிலா இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாத் தெரியும், தேடவும் முடியாது. எந்தப் போன்லயும் தமிழ் அப்படியே தெரியுற பொதுக் குறியீடு யூனிகோடு, 2010லயே தமிழ்நாடு அரசு அத ஏத்துக்கிச்சு. நான் தமிழ்99 விசைப்பலகை பழகிட்டேன், உயிரெழுத்து இடது கைப் பக்கம், மெய்யெழுத்து வலது கைப் பக்கம், ஒரே மெய்ய ரெண்டு தடவ அடிச்சா முதல் எழுத்துக்கு தானா புள்ளி விழும், அ, ம, ம, ஆன்னு அடிச்சா அம்மா வந்துரும், ந, தன்னு இன எழுத்து சேந்து வந்தாலும் அப்படித்தான், ப, ந, த, உன்னு அடிச்சா பந்து. பழக கொஞ்ச நாள் ஆகும், பழகிட்டா ஆயுசுக்கும் உதவும். ஒரு வருஷம் கழிச்சு அந்த வினாத்தாள தேடி எடுத்து ஒரு எண்ண மட்டும் மாத்தி திரும்ப யூஸ் பண்ணலாம், பக்கத்துப் பள்ளி டீச்சருக்கு அனுப்புனா அவங்க போன்ல அப்படியே தெரியும். இது சின்ன விஷயமில்ல, நம்ம செய்யற வேலை நம்மளோட முடிஞ்சு போகாம இருக்கணும்னா யூனிகோட்லதான் அடிக்கணும்.

பிள்ளைங்க கைல போன் இல்லாத வகுப்புக்கு பிளிக்கர்ஸ்னு ஒண்ணு இருக்கு, டீச்சர்கிட்ட ஒரு போன் போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை, அதுல க்யூஆர் மாதிரி ஒரு கட்டம், நாலு பக்கமும் ஏ, பி, சி, டி. விடை எதுவோ அது மேல வர்ற மாதிரி தூக்கிக் காட்டணும், நம்ம போன் கேமராவ வகுப்பு பூரா ஒரு சுத்து சுத்துனா யார் என்ன விடைன்னு வந்துரும். ஒவ்வொருத்தர் அட்டையும் வேற வேற, அதனால பாத்து எழுத முடியாது. எனக்கு இதுல புடிச்சது, கைதூக்காத பிள்ளையோட விடையும் நமக்குத் தெரிஞ்சுரும், மத்தவங்களுக்குத் தெரியாது. அட்டைய பளபளன்னு லேமினேட் பண்ணாதீங்க, வெளிச்சம் பட்டா கேமரா படிக்காது, கெட்டி அட்டைல ஒட்டுனா போதும்.

வீடியோ பத்தி ஒரே ஒரு வார்த்தை, கல்வித் தொலைக்காட்சி 2019ல இருந்து போட்ட பாடம் நிறைய இருக்கு, பள்ளிக்கல்வித் துறையோட மணற்கேணி ஆப்ல இருக்கு, நல்லாவே இருக்கு, ஆனா முழுசா ஓட விடாதீங்க, ரெண்டு நிமிஷத்துல நிப்பாட்டி அடுத்து என்ன வரும்னு கேளுங்க. ஏஐ வச்சு லெசன் பிளான் எடுக்கறவங்க, கலைச்சொல்ல ஒவ்வொண்ணா புத்தகத்தோட ஒத்துப் பாருங்க, செங்கோட்டு மையத்துக்கு புத்தகத்துல இல்லாத பேர் போட்டுக் குடுக்கும், பிள்ள அத பரிச்சைல எழுதிரும். அப்புறம் போட்டோ. வகுப்பு நல்லா நடந்துச்சுன்னா சந்தோஷத்துல எடுத்து ஸ்டேட்டஸ்ல போடத் தோணும், பிள்ளைங்க முகம் தெரியாம எடுங்க, ஸ்கிரீனையும் நோட்டையும் எடுத்தா ரெக்கார்டுக்குப் போதும். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க விவரத்துக்கு பெத்தவங்க சம்மதம் வேணும்னுதான் சொல்லுது. சட்டம் இல்லாட்டியும் அது அந்தப் பிள்ளையோட முகம், நம்ம மார்க்குக்கு அத யூஸ் பண்ணக் கூடாது.

இப்ப நான் ஒரு புது ஃபைல் செஞ்சுக்கிட்டு இருக்கேன். சுற்றுவட்ட மையம் நடத்துனப்ப, எந்த முக்கோணம்னாலும் மூணு மூலை வழியாவும் ஒரு வட்டம் போயிரும்னு பாத்ததும், மவுஸ் புடிச்ச அந்தத் தம்பி கேட்டான், "அப்ப நாலு மூலை இருந்தா மிஸ்? எங்க தோட்டத்துக்கு வட்டம் போடலாமா?" எனக்கு விடை தெரியும், வட்ட நாற்கரம் இதே புத்தகத்துல வருது, எதிர்க்கோணங்களோட கூடுதல் 180 வந்தாத்தான் போகும். ஆனா சொல்லல. மூணு மூலைய வட்டத்துல கட்டிப் போட்டுட்டு நாலாவது மூலைய மட்டும் அவன் கைல குடுக்குற மாதிரி செய்றேன், பக்கத்துலயே ரெண்டு எதிர்க்கோணமும் கூடுதலும் ஓடிக்கிட்டே இருக்கும், வட்டத்துக்கு உள்ள போனா எவ்வளவு, வெளிய போனா எவ்வளவுன்னு அவனே பாத்துக்கட்டும். கூகுள் எர்த்துல அவங்க தோட்டத்தோட நாலு மூலையையும் அளந்து வச்சிருக்கான், அதையும் அதே ஃபைல்ல போட்டுப் பாக்கணும்னு சொல்லியிருக்கான், திங்கக்கிழமை ரெண்டாவது பீரியட்.